ஏடிஆரா, ஏர்பஸ்ஸா?

கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஒரு பக்கம் ஓமலூரைத் தாண்டிப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் தூரத்தில் சேர்வராயன் மலை. ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் நிறை பாரத்தோடு தினமும் வந்துபோக இந்த அளவு போதாது. இரண்டு விசிறி இன்ஜின் வைத்த ஏடிஆர் 72 தாராளமாக வரும். எழுபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் சென்னையில் இறக்கிவிடும். ஆகவே சேலத்துக்கு எந்த விமானி வருவார் என்பதைக் கம்பெனி முடிவு செய்வதற்கு முன்பே ஓடுபாதை முடிவு செய்துவிடுகிறது. இங்கே இதுவரை பயணிகளை ஏற்றிப்போன கம்பெனிகள் எல்லாமே விசிறி விமானம் கொண்டுவந்தவைதான்.

விமானிகளின் உலகத்தில் இந்தப் பெரியது சின்னது கணக்கு வெகுநாளாக இருக்கிறது. சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விடும் கம்பெனியில் சேருவதா, பெரிய கம்பெனியின் கடிதத்துக்குக் காத்திருப்பதா? சின்னதில் சேர்ந்தால் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பது? பெரியதில் சேர்ந்தால் இடது இருக்கைக்கு, அதாவது கமாண்டர் பதவிக்கு, எத்தனை பேருக்குப் பின்னால் நிற்பது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இதை விளக்க வேண்டியதே இல்லை. லோக்கல் லோடு ஓட்டுகிறவர் ராத்திரி வீட்டில் சாப்பிடுவார். லைன் வண்டி ஓட்டுகிறவர் குவாஹாட்டி வரை போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், ஆனால் கையில் நிற்கும் காசு வேறு, டீக்கடையில் கிடைக்கும் மரியாதையும் வேறு. கிளீனராக ஏறி, டிரைவராகி, ஒரு வண்டிக்கு ஓனராகும் வரை எந்த முதலாளியிடம் நின்றால் சம்பளம் தேதிக்கு வரும் என்ற கணக்கு மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். பையன் பைலட்டுக்குப் படிக்கிறான் என்று இங்கே யாரிடமாவது சொன்னால், "பெரிய வண்டிங்களா, சின்ன வண்டிங்களா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். கேட்பவர் விவரம் தெரியாமல் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் முப்பது வருடத்தில் ஆளே மாறிப்போய்விட்டது.

ஆரம்பத்தில் பெரிய கம்பெனி என்று ஒன்று தனியாக இருக்கவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் உள்நாட்டில் பறந்த கம்பெனிகள் பலவும் அந்தந்த வட்டாரத்து முதலாளிகளுடையவை. 1947-ல் விமானி உரிமம் வாங்கிய பிரேம் மாத்தூர் ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினார். பெண் ஓட்டினால் பயணிகள் ஏறமாட்டார்கள் என்று கைவிரித்தார்கள். எடுத்துக்கொண்டது ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ். துணை விமானியாகப் பறந்தார், கமாண்டர் இருக்கை மட்டும் கிடைக்கவில்லை. வெளியேறி, ஜி.டி. பிர்லாவின் சொந்த விமானத்தை ஓட்டப் போனார். 1953-ல் அரசு எல்லாக் கம்பெனிகளையும் நாட்டுடைமையாக்கி, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என்று இரண்டே வாசல்களை விட்டுவைத்தது. பிரேம் மாத்தூரும் இந்தியன் ஏர்லைன்ஸுக்கே வந்துசேர்ந்தார். சின்ன கம்பெனி முதலில் கதவைத் திறக்கும், ஆனால் மேலே ஏற விடாது. பெரிய கம்பெனி தாமதமாகத் திறக்கும், திறந்தால் ஓய்வுவரை உட்காரலாம். இந்திய விமானிகள் அடுத்த ஐம்பது வருடம் நம்பிய பாடம் இவருடைய வாழ்க்கையிலேயே எழுதியிருக்கிறது.

அதன்பிறகு நாற்பது வருடம் எடைபோட ஒன்றுமில்லை. உள்நாட்டில் ஒரே எஜமான். நடுவில் 1981-ல் சிறு ஊர்களுக்கென்று வாயுதூத் வந்தது, அதுவும் அரசாங்கத்துடையதே. கான்பூரில் செய்த டார்னியர் விமானங்களைக் கொண்டு நெய்வேலி, தஞ்சாவூர் என்று எங்கெங்கோ இறங்கிப் பார்த்தது. நஷ்டம் தாங்காமல் 1993-ல் அதை இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்த்தபோது, வாயுதூத் ஆட்களை உடனே சீனியாரிட்டி பட்டியலில் கலக்காமல் குறுந்தூரச் சேவைக்கென்று ஒரு தனிப் பிரிவில் வைத்தார்கள். விமானியின் சீனியாரிட்டி எண் என்பது சாதாரண வருகைப் பதிவேட்டு எண் இல்லை. எந்த விமானம், எந்த ஊர், எந்த மாதம் லீவு, எப்போது கமாண்டர் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்தே நடக்கும். சின்ன கம்பெனியில் ஓட்டிய வருடங்கள் பெரிய கம்பெனியின் பட்டியலில் எத்தனையாவது இடம் பெறும் என்ற தகராறு உலகம் முழுக்க விமானக் கம்பெனிகள் இணையும்போதெல்லாம் வருவது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவில் கலந்தபோதும் விமானிகள் மத்தியில் அதே புகைச்சல்தான்.

சேலம் இந்தக் கதைக்குள் வருவது வாயுதூத் முடிந்த அதே 1993-ல். கமலாபுரத்தில் நிலையம் திறந்தாகிவிட்டது, விமானம் கொண்டுவர ஆள் வேண்டும். சென்னையிலிருந்து என்.இ.பி.சி. வந்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். காற்றாலை செய்த கம்பெனி ஃபோக்கர் எஃப்-27 விமானங்களை வைத்து ஒரு ஏர்லைன்ஸும் நடத்தியது. சேலத்தில் அது நிலைக்கவில்லை. 1997-ல் கம்பெனியே நின்றது. கமலாபுரம் ஓடுபாதை பத்து வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தது.

அந்தக் காலத்து விமானிக்குச் சின்ன கம்பெனி என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். உரிமம் வாங்க நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்திருப்பார். அதற்குக் குடும்பம் நிலத்தை விற்றிருக்கும், இல்லை கடன் வாங்கியிருக்கும். இந்தியன் ஏர்லைன்ஸ் வருடக்கணக்கில் ஆள் எடுக்காது. அப்போது ஒரு சின்ன கம்பெனி கூப்பிட்டால் போவார்கள். பறந்த நேரத்தை லாக் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டே, ஒரு கண்ணைப் பெரிய கம்பெனியின் விளம்பரத்தில் வைத்திருப்பார்கள். முதலாளிக்கும் இது தெரியும். அதனால் பாண்டு எழுதி வாங்குவார். இரண்டு பக்கமும் நம்பிக்கை இல்லாத கல்யாணம் என்றுதான் சொல்ல வேண்டும்.

2003 ஆகஸ்டில் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் ஏடிஆர் விமானங்களோடு கிளம்பியதும் ஒரு கலகலப்பு வந்தது. 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு முதலாளி பட்ட பாடு தெரியும். விமானி பக்கத்துக் கதையைப் படம் அவ்வளவாகத் தொடவில்லை. ஒரே நேரத்தில் நாலைந்து கம்பெனிகள் முளைத்ததால் அனுபவப்பட்ட கமாண்டருக்குப் பஞ்சம் வந்தது; வெளிநாட்டு விமானிகளை வரவழைத்தார்கள். ஹூப்ளி, விஜயவாடா மாதிரி ஊர்களுக்கு ஏடிஆர் ஓட்டிய இளைஞர்கள் சீக்கிரமே கமாண்டர் ஆனார்கள். சின்ன விமானத்துக்கு ஒரு மவுசு வந்தது அப்போதுதான்.

நம் பக்கத்திலும் துணிந்தவர்கள் இருந்தார்கள். மதுரைக்காரர் ஒருவர் 2005-ல் தொடங்கிய பாராமவுண்ட் ஏர்வேஸ், எம்பிரேயர் ஜெட் விமானங்களில் சொகுசு இருக்கை மட்டும் வைத்துத் தென்னிந்திய நகரங்களுக்கு விட்டது. 2010-ல் குத்தகைத் தகராறில் நின்றது. இதில் விமானிகளுக்கு ஒரு தனி வலி உண்டு. ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனியாக டைப் ரேட்டிங் என்ற அனுமதி வாங்க வேண்டும். எம்பிரேயருக்கு வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு ஏர்பஸ்ஸில் உட்கார முடியாது. அந்த ரகத்தை அன்றைக்கு வரிசையாகப் பறக்கவிட்ட வேறு கம்பெனி நாட்டில் இல்லை. மறுபடி லட்சக்கணக்கில் கட்டி இன்னொரு ரகம் படிக்க வேண்டும். கோயம்புத்தூரில் 2016-ல் ஏர் கார்னிவல் ஏடிஆர் விமானத்தோடு வந்தது. அடுத்த வருடமே காணோம். அங்கே ஓட்டியவர்களுக்காவது ஏடிஆர் அனுமதி வேறிடத்தில் செல்லுபடியானது. சின்ன கம்பெனியில் சேருகிறவர் முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க முடியாது, அவர் வாங்கியிருக்கும் விமானம் எந்த ரகம் என்பதையாவது பார்க்கலாம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

சேலத்துக்கு 2009 நவம்பரில் விமானம் திரும்பி வந்தது. ஏர் டெக்கானை விழுங்கியிருந்த கிங்ஃபிஷர், அதன் ஏடிஆரை இங்கே அனுப்பியது. சிவப்பு விமானம், சிவப்பு உடுப்பு, சென்னைக்குத் தினமும் ஒரு நடை. நகை வியாபாரிகளுக்கும் ஸ்டீல் பிளாண்ட் அதிகாரிகளுக்கும் சௌகரியம். 2011-ல் அதுவும் நின்றது. அடுத்த வருடம் கிங்ஃபிஷர் விமானிகள் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012 அக்டோபரோடு கம்பெனி தரையிறங்கியது. இங்கேதான் பழைய பாடம் உடைந்தது. கிங்ஃபிஷர் சின்ன கம்பெனி இல்லை, நாட்டிலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று. அதன்பிறகு 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட். சின்னதில் கஷ்டப்பட்டுவிட்டுப் பெரியதுக்குப் போனால் ஓய்வுவரை நிம்மதி என்று கணக்குப் போட்டவர்கள், நாற்பத்தைந்து வயதில், வீட்டுக் கடன் பாதியில் நிற்க, மறுபடி ஒரு புதுக் கம்பெனியில் பட்டியலின் கடைசி எண்ணாகச் சேர்ந்தார்கள். சீனியாரிட்டியைக் கையோடு எடுத்துப்போக முடியாது. இருபது வருடம் கமாண்டராக இருந்தவரும் அங்கே புது ஆள்தான்.

ஆகப் பெரியது பத்திரம், சின்னது ஆபத்து என்பது இந்தியாவில் ஒருபோதும் முழு உண்மையாக இருந்ததில்லை. விமானத்தின் அளவுக்கும் கம்பெனியின் ஆயுளுக்கும் சம்பந்தமே கிடையாது. முதலாளி வாங்கிய கடனும், எரிபொருள் விலையும், இன்ஜின் கோளாறும்தான் ஆயுளைத் தீர்மானித்தன.

2018 மார்ச் 25-ல் சேலத்துக்கு மூன்றாவது வருகை. இம்முறை மத்திய அரசின் உடான் திட்டம். ஒரு மணி நேரப் பயணத்துக்குக் குறிப்பிட்ட இருக்கைகள் 2,500 ரூபாய்க்குள், நஷ்டத்தில் ஒரு பங்கை மூன்று வருடத்துக்கு அரசு ஈடுகட்டும். ஹைதராபாத்தின் ட்ரூஜெட் சென்னைக்கு ஏடிஆர் விட்டது. கூட்டமும் வந்தது. காலையில் போய் வேலையை முடித்து மறுநாள் திரும்பலாம் என்று முதன்முதலாக விமானம் ஏறிய விசைத்தறிக்காரர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் உண்டு. மூன்று வருட உதவி முடிந்தது, கொரோனாவும் சேர்ந்துகொண்டது, 2021-ல் சேவை நின்றது. 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட்டே நின்றுபோனது. என்.இ.பி.சி., கிங்ஃபிஷர், ட்ரூஜெட்: சேலத்துக்கு வந்த மூன்று கம்பெனிகளில் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை. கமலாபுரத்தின் ராசி என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விமானிகளுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

நான்காவது வருகை 2023 அக்டோபரில். இங்கேதான் காலம் மாறியது தெரிகிறது. வந்தவை இரண்டு. ஒன்று அலையன்ஸ் ஏர். 1996-ல் இந்தியன் ஏர்லைன்ஸின் துணைக் கம்பெனியாகப் பிறந்து, டாடாவுக்கு ஏர் இந்தியா போனபோதும் அரசிடமே தங்கிவிட்டது. பெங்களூரு, சேலம், கொச்சி என்று விட்டது. மற்றொன்று இண்டிகோ. இது நாட்டின் மிகப் பெரிய கம்பெனி, நானூறுக்கும் மேற்பட்ட விமானங்கள். அதில் ஏடிஆர் நாற்பதுக்கும் மேல். 2017 டிசம்பர்வரை இண்டிகோ ஏர்பஸ் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தது. சிறு ஊர் வழித்தடங்களைச் சின்ன கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுக்காமல் தானே ஏடிஆர் வாங்கி இறங்கியதும் விளையாட்டே மாறிவிட்டது.

ஒரு சேலத்துப் பையன் இன்று ஏடிஆர் ஓட்டினால், பெரும்பாலும் அவன் ஒரு பெரிய கம்பெனிக்குள் இருந்துகொண்டுதான் ஓட்டுவான். சம்பளம் தேதிக்கு வருகிறது. சீருடை அதே சீருடை. இண்டிகோ 2023 ஜூனில் 500 ஏர்பஸ்ஸுக்கு ஒரே நாளில் ஆர்டர் கொடுத்திருக்கிறது. அடுத்த வருடம் அகலமான ஏ350-க்கும் கொடுத்தது. அவன் எடைபோடுவது கம்பெனியைக் குறித்து இல்லை. ஏடிஆரிலேயே இருந்து சீக்கிரம் கமாண்டர் ஆவதா, ஏர்பஸ்ஸுக்கு மாறி வலது இருக்கையில் இன்னும் சில வருடம் உட்காருவதா? மாறினால் எந்த ஊர் பேஸ் கிடைக்கும்? ஏடிஆரில் பறந்த மணி நேரம் வெளியே, வளைகுடாக் கம்பெனிகளில் எவ்வளவு மதிக்கப்படும்? இதெல்லாம் முன்பு இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருந்த வேலி. இப்போது ஒரே கம்பெனியின் ரோஸ்டருக்குள் அந்த வேலி ஓடுகிறது.

அமெரிக்காவில் இந்த வேலி இன்றும் வெளியிலேயே இருக்கிறது. அங்கே பெரிய கம்பெனியின் பெயரைப் பூசிக்கொண்டு சின்ன கம்பெனி பறக்கும். பயணிக்கு வித்தியாசம் தெரியாது, விமானியின் சம்பளச் சீட்டுக்குத் தெரியும். 2009 பிப்ரவரி 12-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்தது பெரிய கம்பெனியான கான்டினென்டலின் பெயர். துணை விமானிக்கு வேலை இடம் நியூயார்க்கை ஒட்டிய நுவர்க். அங்கே வாடகை கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாமல், மேற்குக் கரையில் சியாட்டிலில் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு, இரவெல்லாம் நாட்டைக் குறுக்கே கடந்து வேலைக்கு வந்திருந்தார். விசாரணையில் இது வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடி, துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-ல் வந்தது. ஆள் கிடைக்காமல் சின்ன கம்பெனிகள் திண்டாட, 2022-ல் அவற்றின் சம்பளம் கிடுகிடுவென ஏறியது.

இங்கே கதை தலைகீழ். 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் வாங்கிய பையன், டைப் ரேட்டிங் முடித்து நேராக ஏர்பஸ்ஸின் வலது இருக்கையில் உட்காரலாம். சின்ன கம்பெனி என்ற படியை மிதிக்காமலே மாடிக்குப் போகலாம். கம்பெனிகளே கேடட் திட்டம் என்ற பெயரில் ப்ளஸ் டூ முடித்தவர்களைப் பிடித்து, கோடி ரூபாய் அளவுக்குச் செலவு வைத்து, தங்கள் விமானத்துக்கே தயார் செய்கின்றன. ராசிபுரம், நாமக்கல் விடுதிப் பள்ளிகளில் டாக்டர், இன்ஜினீயர் என்று மட்டுமே கனவு கண்ட வீடுகளுக்கு இந்த விளம்பரம் இப்போது போய்ச்சேருகிறது. கணக்கும் இயற்பியலும் படித்த பிள்ளை, கையில் பணம், பிறகென்ன? ஆனால் ஏடிஆர் ஒரு படி என்ற நிலை போய்விட்டதால், அது கிடைத்தவர்கள் தங்களைக் கொஞ்சம் ஏமாந்தவர்களாக நினைக்கும் மனநிலையும் கூடவே வந்திருக்கிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டில் "ஏர்பஸ் ஓட்டுறாருங்க" என்று சொல்வதில் இருக்கும் கெத்து ஏடிஆருக்கு இல்லை.

இது அநியாயம் என்பது என் கட்சி. ஏடிஆர் வேலை லேசான வேலை இல்லை. ஏர்பஸ் முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேல் ஏறி மழைமேகத்தைப் பெரும்பாலும் கீழே விட்டுவிட்டுப் போகும். ஏடிஆர் அதிகபட்சம் 25,000 அடி. ஐப்பசி மாதம் கிழக்கே திரண்டு நிற்கும் மேகத்துக்கு நடுவே வழி தேடித்தான் போக வேண்டும். இன்ஜின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி ஏர்பஸ்ஸில் உண்டு. ஏடிஆரில் விமானியின் கை அந்த நெம்புகோலை விட்டு நகரக்கூடாது. ஒரு நாளில் நாலு, ஐந்து ஊர் ஏறி இறங்குவார்கள். அதில் பல இறக்கங்கள் குட்டையான ஓடுபாதையில். மார்கழிக் காலையில் பனி மூடினால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லை திரும்ப வேண்டும். நேபாளத்தில் 2023 ஜனவரி 15-ல் போக்காராவில் எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் விழுந்து 72 பேர் இறந்ததை நினைத்துப் பாருங்கள். இறங்கும் நேரத்தில் இறக்கைத் தட்டை நகர்த்துவதற்குப் பதில் விசிறிகளின் நெம்புகோல்கள் கை மாறி நகர்ந்துவிட்டன என்றது விசாரணை. அந்தக் குழுவுக்கு அன்று அது மூன்றாவது நடை. அடிக்கடி இறங்குவதில் இருக்கும் சோர்வும் பழக்கமும் தனி ஆபத்து.

சம்பளக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பறக்கும் நேரம் கணக்காவது விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை. சேலத்தில் இறங்கி, பயணிகளை இறக்கி ஏற்றி, மறுபடி கிளம்பும் அரை மணி நேரம் அதில் வராது. ஒரே மூச்சில் நாலு மணி நேரம் துபாய்க்கு ஓட்டுகிறவருக்கு ஒரு நடையிலேயே நாலு மணி நேரம் ஏறிவிடும். அதே அளவுக்கு ஏடிஆர் விமானி நாலு ஊர் இறங்க வேண்டும். ஏடிஆருக்குப் பதிலுக்கு இருப்பது ஒன்று: சிறு நிலையங்கள் பெரும்பாலும் பகலில்தான் இயங்கும், ஆகவே நடு இரவில் எழுந்து ஓட்டும் நாட்கள் குறைவு. இரவுப் பணி உடம்பைத் தின்கிறது என்று விமானிகள் சங்கங்கள் வருடக்கணக்கில் முறையிட்ட பிறகுதான், வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கி, இரவில் இறங்கும் எண்ணிக்கையைச் சுருக்கிய விதியை 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அறிவித்தது. அதன் இரண்டாவது கட்டம் அமலுக்கு வந்த அடுத்த மாதமே, 2025 டிசம்பரில், இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததை நாடே பார்த்தது. பெரிய கம்பெனி எத்தனை இறுக்கமாக ஆள் கணக்கு வைத்திருக்கிறது என்பது அப்போது பயணிகளுக்கும் விளங்கியது.

விட்டுப்போவதும் முன்போல் எளிதில்லை. கமாண்டர் ராஜினாமா கொடுத்தால் ஒரு வருடம், துணை விமானி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று 2017-ல் விதி வந்தது. மற்ற எந்த உத்தியோகத்தில் இவ்வளவு நீளமான நோட்டீஸ் கேட்டிருக்கிறீர்கள்? 2023-ல் ஆகாசா ஏரிலிருந்து 43 விமானிகள் இந்த நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போய்விட, கம்பெனி நீதிமன்றம் ஏறியது; இப்படியே போனால் மூட வேண்டிவரும் என்று அவர்கள் தரப்பிலேயே சொல்லப்பட்டது. புதுசாய் முளைத்த கம்பெனிக்கு நாற்பது பேர் போனாலே ஆட்டம் காணும். முன்பு விமானி கம்பெனியைக் கண்டு பயந்தார். இப்போது கம்பெனியும் விமானியைக் கண்டு பயப்படுகிறது.

சேலத்துக்கு இதில் என்ன பங்கு? ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாக இருக்கிறது. கமலாபுரம், தும்பிப்பாடி, பொட்டியபுரம், சிக்கனம்பட்டி ஊர்களில் சுமார் 570 ஏக்கர் நிலம் எடுக்கும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் நிலத்துக்கு வரும் ஏர்பஸ்ஸில் அவர்கள் எத்தனை தடவை ஏறப்போகிறார்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. நடுவில் ஓசூரில் வருடத்துக்கு மூன்று கோடிப் பயணிகளுக்கான விமான நிலையம் அமைக்கப்போவதாக 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. அது வந்தால் கிருஷ்ணகிரி, தருமபுரிக் கூட்டம் அங்கே போகும். கமலாபுரம் ஏடிஆர் நிலையமாகவே இருந்துவிடவும் கூடும். அதில் குறை ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். தினமும் தவறாமல் வரும் ஏடிஆர், எப்போதாவது வரும் ஏர்பஸ்ஸைவிட ஊருக்கு உபயோகம்.

ஒரு விஷயம் மட்டும் இங்கே உண்மையிலேயே புதிது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளுக்கென்று விமான நிலைய ஆணையம் 2022-ல் ஒதுக்கிய ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. மற்றவை பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர். கற்றுக்கொள்ள ரேபரேலிக்கோ அமெரிக்காவுக்கோ போன காலம் போய், வடக்கத்திப் பிள்ளைகள் ஓமலூருக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் காலம். செலவு மட்டும் குறையவில்லை: உரிமம் கைக்கு வருவதற்குள் ஐம்பது லட்சத்திலிருந்து ஒரு கோடி ஆகும், டைப் ரேட்டிங் தனி. 2023-ல் மட்டும் நாட்டில் 1,622 பேருக்கு வணிக விமானி உரிமம் கொடுக்கப்பட்டது. அத்தனை பேருக்கும் உடனே இருக்கை இல்லை. உரிமத்தை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வருடம் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. மருத்துவச் சான்று காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உரிமம் உயிரோடு இருக்க அவ்வப்போது காசு கட்டிப் பறக்க வேண்டும், வங்கித் தவணை நிற்காது. பதினைந்து வருட அனுபவக்காரர்கள் ஏடிஆரா ஏர்பஸ்ஸா என்று நிதானமாக எடை போடட்டும். கமலாபுரத்தில் இன்று ஒற்றை இன்ஜின் விமானத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும் பையனுக்கு அந்த யோசனையெல்லாம் இன்னும் வரவில்லை. எந்தக் கம்பெனியிலிருந்து முதலில் கடிதம் வருகிறதோ அங்கே, என்ன விமானம் கொடுத்தாலும், அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிடுவான்.